இன்ஜின் கழுவிய பிறகு மாருதி 800 ஸ்டார்ட் ஆகலையா?

செல்ஃப் அடிக்கிறதை நிறுத்திட்டு, முதல்ல டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சு அனுப்புற பாகம்) மூடியைக் கழற்றிப் பாருங்க. உங்களுது 98 மாடல் கார்புரேட்டர் 800. கழுவினதுல இருந்து செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலைன்னு சொல்றீங்க. பெரும்பாலும் அந்த மூடிக்குள்ள ஈரம்தான். உள்பக்கம் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி பனிச்சிருக்கும்.

பேட்டரி நெகட்டிவ் ஒயரை எடுத்துட்டு, மூடி, அதுக்குள்ள சுத்துற ரோட்டர், பிளக் ஒயர் முனைகளைக் காய்ந்த துணியால துடைச்சு வெயில்ல வைங்க. மூடிக்குள்ள பென்சில் கோடு மாதிரி கறுப்பா ஓடியிருந்தா துடைச்சுப் பிரயோஜனமில்லை, மாத்திடுங்க.

ஏர் ஃபில்டரையும் தொட்டுப் பாருங்க. நனைஞ்சிருந்தா பிளக்குகளைக் கழற்றாம செல்ஃப் அடிக்கவே வேண்டாம். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்.

அடுத்த தடவை கழுவுறதுக்கு முன்னாடி இன்ஜின் நல்லா ஆறட்டும்; டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் வாய், ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்ற பாகம்) மூணுக்கும் பிளாஸ்டிக் பை கட்டுங்க. பழைய ஒயரிங்குக்கு பிரஷர் கன் ஆகாது, பிரஷ்ஷும் ஈரத்துணியும் போதும்.