எலுமிச்சைக்கு வினிகரா?

கேள்வி: புதுமனை புகுவிழாவுக்கு என் தம்பி வாங்கித் தந்த சாப்பாட்டு மேஜை. தேக்குக் கால், மேலே வெள்ளை மார்பிள். எலுமிச்சை சாதம் செய்த அன்று, பிழிந்த மூடியை அதன்மேல் வைத்து மறந்துவிட்டேன். வட்டமாக மங்கிவிட்டது. கறை என்று நினைத்து வினிகர் விட்டுத் துடைத்தேன். இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. சீலர் பூசியிருப்பதால் ஒன்றும் ஆகாது என்றுதான் கடையில் சொன்னார்கள். என்ன செய்யலாம் ஐயா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எலுமிச்சைக்கு வினிகரா! கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, என் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது.

அது கறை இல்லை, அரிப்பு. மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் ஜாதி. புளிப்பு பட்டால் மேல்பரப்பு கரையும், பளபளப்பு போகும். எலுமிச்சை, புளி, தக்காளி, மோர், ஊறுகாய்... நம் சமையலில் புளிப்பு இல்லாதது எது? சீலரின் வேலை வேறு. கல்லின் நுண்துளைகளில் எண்ணெயும் மஞ்சளும் சட்டென்று இறங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். புளிப்பு கல்லைத் தின்பதை அது தடுக்காது.

நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்து மங்கல் மட்டும் தெரிந்தால், மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் எடுத்துப் பொறுமையாகத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும். சொரசொரப்பு தட்டினால் தரைக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்தை மட்டும் தேய்க்க விடாதீர்கள், அது தனியாகத் தெரியும். முழுப் பலகையையும் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வழியும் என்பதால் தேக்குச் சட்டத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடச் சொல்வதும் முக்கியம்.

என்னைக் கேட்டால் கண்ணாடிப் பளபளப்பே வேண்டாம், மங்கல் பாலிஷ் போதும். அடுத்த முறை ரசம் சிந்தினாலும் தடம் அவ்வளவாகத் தெரியாது. சூடான பாத்திரத்துக்கு அடியில் பிரிமணை வைத்துவிடுங்கள். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி: ஒரே தண்டின்மேல் மார்பிள் நிற்கும் மேஜைப் படம் ஒன்றைக் காட்டி, 6 பேர் உட்காரும்படி தேக்கில் செய்து தரச் சொன்னோம். ஆசாரி தயங்குகிறார். வேறு ஆளைப் பார்க்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: தயங்குகிற ஆசாரியை விட்டுவிடாதீர்கள், அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் சொல்வது அநேகமாக ஈரோ சாரினென் வடிவமைத்து 1957-இல் நோல் நிறுவனம் கொண்டுவந்த டியூலிப் மேஜையின் சாயல். பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்த கட்டடக் கலைஞர் அவர். மேஜை நாற்காலிகளுக்கு அடியில் காடு போல் கால்கள் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய தண்டு மரமல்ல, வார்த்த உலோகம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 6 அடிக்கு மூன்றரை அடி, 18 மி.மீ. கனம் என்றால் கல் மட்டுமே ஏறக்குறைய 95 கிலோ. ஓரத்தில் யாராவது கையூன்றி எழுந்தால் அந்தப் பளு முழுவதும் தண்டின் மூட்டைத்தான் ஆட்டும். மரத்தில்தான் வேண்டும் என்றால் இரண்டு தண்டுகள், அகலமான பாதம், கல்லுக்கு அடியில் சட்டம். ஒற்றைத் தண்டே வேண்டுமென்றால் நாலடி வட்டத்தோடு நிறுத்துங்கள், அதுவும் 4 பேருக்குத்தான்.

கல்லைச் சட்டத்தில் ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் மரம் ரேகைக்குக் குறுக்கே உப்பும், கோடையில் சுருங்கும். கல் அசையாது. இது தெரிந்தும் அவசரத்தில் ஒருமுறை தேக்குப் பலகை முழுக்கப் பசை தடவிக் கல்லை அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் மூலையிலிருந்து விரிசல் ஓடிவிட்டது. புதுக் கல் என் செலவு. அதன்பிறகு அங்கங்கே சிலிக்கோன் பசைப் பொட்டு வைப்பதோடு சரி, கல்லின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். மாடிக்கு ஏற்றும்போது கண்ணாடியைப் போல் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும், படுக்கை வாட்டில் தூக்கினால் நடுவில் முறியும்.

விரிசல் விட்ட அந்தக் கல்லில் நல்ல துண்டு ஒன்றை அறுத்து எடுத்துவந்தேன். எங்கள் வீட்டில் சப்பாத்தி தேய்ப்பது இன்றும் அதில்தான்.