ஐ.சி.பி. 16-ஆ, 23-ஆ? ஆய்வேட்டில் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி: நரம்பியல் அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கிறேன். தலைக்காய நோயாளிகளின் மண்டையோட்டு உள்ளழுத்தம், அதாவது ஐ.சி.பி., பற்றியது என் ஆய்வேடு. சிலருக்கு மூளை நீரை வெளியே வடிக்கும் இ.வி.டி. குழாய், சிலருக்கு மூளைத் திசுவில் வைக்கும் சென்சார். சார்ட்டில் உள்ள எண்களை எல்லாம் சேர்த்துச் சராசரி போடலாமா?

பதில்: வேண்டாம். எந்த மட்டத்தில் வைத்து அளந்தார்கள் என்று தெரியாவிட்டால், நோயாளியின் அழுத்தத்தோடு கட்டிலின் உயரமும் உங்கள் அட்டவணைக்குள் வந்துவிடும்.

இ.வி.டி.யில் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் வெளியே ஸ்டாண்டில் இருக்கிறது. அதன் பூஜ்ய மட்டம் மூளைக்குள் இருக்கும் மன்றோ துளைக்கு நேராக நிற்க வேண்டும். மல்லாந்து படுத்தவருக்குக் காதுத் துளைதான் வெளி அடையாளம். நள்ளிரவில் தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள், ஸ்டாண்டை மறந்துவிடுவார்கள். காது 10 செ.மீ. மேலே போனால் மானிட்டர் 7 மி.மீ. பாதரசம் கூட்டிக் காட்டும். உண்மையில் 16 இருப்பவருக்குச் சார்ட்டில் 23 ஏறும். மூளைக் காய அறக்கட்டளையின் 2016 வழிகாட்டுதலில் சிகிச்சைக்கான வரம்பு 22. தேவையே இல்லாமல் அவருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் மானிடால் மருந்து போய்விடும். கொத்தனார் கையில் இருக்குமே, அந்த ரசமட்டம் ஒன்றை வார்டில் வாங்கி வையுங்கள். கட்டிலை அசைக்கும்போதெல்லாம் காதுக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் நடுவே பிடித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று: குழாய் திறந்து நீர் வடியும்போது திரையில் தெரியும் எண்ணை எடுக்காதீர்கள். வடிகுழாயின் திருகான ஸ்டாப்காக்கை மூடி, அலை சீரான பிறகு குறியுங்கள். எத்தனை நிமிடம் மூடினீர்கள் என்பதும் ஆய்வேட்டில் வர வேண்டும்.

திசு சென்சாருக்கு இந்த உயரச் சிக்கல் கிடையாது. ஆனால் பெரும்பாலான வகைகளை உள்ளே வைக்கும் முன்பு மட்டுமே பூஜ்யமாக்க முடியும். நாள் ஆக ஆக அளவு விலகலாம். சென்சாரை வெளியே எடுத்தவுடன் காற்றில் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இரு முறைகளின் எண்களையும் தனித்தனியாகவே கொடுங்கள்.

மூளைக்கு ரத்தத்தைச் செலுத்தும் அழுத்தமான சி.பி.பி.யைக் கணக்கிடுகிறீர்களா? சராசரி ரத்த அழுத்தத்தில் ஐ.சி.பி.யைக் கழிக்கிறோம். தமனி டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்திலா, காது மட்டத்திலா? இரண்டுக்கும் இடையே 15 செ.மீ. இருந்தால் 11 மி.மீ. வித்தியாசம் வரும். 60-க்கும் 70-க்கும் இடையில் இலக்கு வைத்திருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

இருமல், சளி உறிஞ்சல் நேரத்து உச்சங்களை நீக்குவதா என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். சராசரியோடு, 22-க்கு மேல் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். 2007 வழிகாட்டுதலில் வரம்பு 20. பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது அந்தக் கணக்கையும் சேருங்கள்.

ஏற்கெனவே எடுத்த சார்ட்டுகளில் மட்டம் குறிக்கப்படவில்லை என்றால், ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த நோயாளிகளைத் தனியே பிரித்து, ‘அளந்த மட்டம் பதிவாகவில்லை’ என்று எழுதிவிடுங்கள்.