பாட்டிலைப் பார்த்து ஆளை எடை போடலாமா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பீர் பற்றியவை. வெயில் ஆரம்பித்துவிட்டது என்று காலண்டரைப் பார்க்காமலே தெரிகிறது.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை. போன மாதம் டீம் பார்ட்டியில் எங்கள் மேனேஜர், "நீ என்ன பீர் குடிப்பாய் என்று சொல், நீ யார் என்று நான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். ஸ்ட்ராங் குடிப்பவன் அவசரக்காரனாம், கோதுமை பீர் குடிப்பவன் ரசிகனாம், வெளிநாட்டு பாட்டில் கேட்பவன் வாழ்க்கையில் மேலே வருவானாம். நான் வழக்கமாக வாங்குவது உள்ளூர் ஸ்ட்ராங். சொல்லக் கூச்சமாக இருந்தது. யாரும் கேட்காததாகப் பார்த்து ஒரு கோதுமை பீர் கேட்டேன். அரை கிளாஸுக்கு மேல் இறங்கவில்லை. பீரை வைத்து உண்மையிலேயே ஆளைச் சொல்ல முடியுமா?
(29 வயது வாசகர், துரைப்பாக்கம்)

பதில்: மேனேஜர் விளையாட்டுக்குச் சொன்னதைக் கேட்டு, பிடிக்காத ஒன்றை வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், உங்களுக்குக் கூட்டாளிகள் உண்டு.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மதுக்கூடத்தில் டான் ஏரியலி, ஜொனாதன் லெவாவ் என்ற ஆய்வாளர்கள் மேசை மேசையாகப் போய், நான்கு வகை பீரில் எது வேண்டும் என்று கேட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். சில மேசைகளில் ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற மேசைகளில் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆய்வு 2000-ல் வெளிவந்தது. வாய்விட்டுச் சொன்ன மேசைகளில், பக்கத்து ஆள் கேட்டதைத் தவிர்த்து வேறொன்றைக் கேட்டவர்கள் அதிகம். குடித்து முடித்ததும் விசாரித்தால் திருப்தியும் அவர்களுக்குத்தான் குறைவு. முதலில் சொன்னவர் மட்டும் தப்பித்தார், அவருக்கு முன்னால் யாரும் வாய் திறக்கவில்லையே. பிறகு ஹாங்காங்கில் சாப்பாட்டை வைத்து இதே மாதிரி செய்து பார்த்தபோது கதை தலைகீழ். அங்கே முன்னவர் கேட்டதையே பின்னவரும் கேட்டார்கள். மனக்குறை மட்டும் அங்கேயும் இருந்தது.

நம் ஊர் மேசை ஹாங்காங் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து ஒருவர் காபி என்றால், "எனக்கும் அதேதான்" என்று மூன்று குரல் வருமே. உங்கள் ஆபீஸ் மட்டும் வட கரோலினாவாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த முறை சப்ளையர் வந்ததும் முந்திக்கொண்டு முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தது.

"சரி, ருசி என்று ஒன்று இருக்கிறதே, எனக்குப் பிடித்தது எது என்று என் நாக்குக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். 1964-ல் ஆலிசன், உல் என்ற இருவர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அது. வழக்கமாக பீர் குடிக்கும் 326 பேருக்கு முதலில் லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்தார்கள். தங்கள் பிராண்டையே அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார்கள். பிறகு அதே பீரை லேபிளோடு கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மார்க் ஏறிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு முறை மொட்டை மாடியில் செய்து பார்த்தேன். நான்கு எவர்சில்வர் டம்ளர், அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் எண். நான்கும் லாகர், அதாவது கடையில் வழக்கமாகக் கிடைக்கும் தெளிந்த மஞ்சள் பீர் வகை, நான்கும் ஒரே ஃப்ரிட்ஜில் ஒரே நேரம் இருந்தவை. வேறு எதையும் தொட மாட்டேன் என்று இருபது வருடமாகச் சொல்லிவரும் நண்பர், தன் பிராண்டைக் கடைசி இடத்தில் வைத்து, "இது ஏதோ தண்ணி கலந்த மாதிரி இருக்கு" என்றார். டம்ளரைக் கவிழ்த்து எண்ணைக் காட்டியபோது, பிளாஸ்திரி மாற்றி ஒட்டப்பட்டிருக்கிறது என்று வாதாடினார். இன்று வரை வாதாடுகிறார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: லாகருக்கும் லாகருக்கும்தான் இந்தக் குழப்பம். கோதுமை பீரில் ஈஸ்ட் தரும் வாழைப்பழ, கிராம்பு வாசனையும், ஸ்டௌட் என்ற கருப்பு பீரில் வறுத்த தானியத்தின் காப்பிக் கசப்பும் கண்ணை மூடினாலும் தெரியும். உங்களுக்கு அந்த வாழைப்பழ வாசனை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதில் குணக்குறை எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். "உன் பீர் எது?" என்ற கேள்வியே தமிழ்நாட்டில் பாதிதான் செல்லும். 2003 நவம்பர் கடைசியிலிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கம்பிக்குள் கையை நீட்டி நாம் ஒரு பெயரைச் சொல்கிறோம். "அது இல்ல, இது இருக்கு." "கூலிங் இருக்கா?" "கூலிங் இது மட்டும்தான்." "சரி, கொடுங்க." மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் கையில் இருக்கும் பாட்டில், அவர் குணத்தைவிட அந்தக் கடையில் என்ன லோடு இறங்கியது, ஃப்ரிட்ஜில் என்ன இடம் பிடித்தது என்பதைத்தான் அதிகம் சொல்லும். உங்கள் மேனேஜரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: லேபிளில் 'ப்ரீமியம்' என்று போட்டு விலை கூட்டி விற்கிறார்களே, கூடுதல் காசுக்குக் கூடுதல் தரம் உண்டா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: லேபிளில் சட்டம் அளந்து வைத்திருக்கும் விஷயங்களை முதலில் பாருங்கள். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது சாதாரண பீர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். ப்ரீமியம், கிளாசிக், எக்ஸ்ட்ரா எல்லாம் கம்பெனி தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பட்டங்கள். சில சமயம் அதற்குப் பின்னால் முழு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), கசப்பு தரும் நல்ல ஹாப்ஸ் என்று உண்மையான செலவு இருக்கும். சில சமயம் தங்க நிறத் தாள் மட்டும் இருக்கும். சேர்மானப் பட்டியலில் அரிசி, சோளம், சர்க்கரை இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் கெட்டது என்று சொல்ல மாட்டேன், லேசான பீருக்கு அரிசி நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு ப்ரீமியம் விலை எதற்கு?

பிராண்டை வைத்து நம் அடையாளத்தை நாமே செதுக்கிக்கொள்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தீர்ப்பை நினைவுபடுத்துகிறேன். 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் யுனைடெட் புரூவரீஸுக்குச் சுமார் 752 கோடி ரூபாயும் கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்குச் சுமார் 121 கோடியும் அபராதம் விதித்தது. குற்றம், பல மாநிலங்களில் கூட்டுச் சேர்ந்து பீர் விலையைப் பேசி வைத்தது. கூட்டில் இருந்த மூன்றாவது பெரிய நிறுவனமான ஏபி இன்பெவ் விவரங்களை முன்வந்து கொடுத்ததால் அதற்கு அபராதத்திலிருந்து முழு விலக்கு. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. நாம் "நான் இந்தக் கட்சி, நீ அந்தக் கட்சி" என்று மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடங்களில், பாட்டில்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல வேலை, நல்ல குடும்பம். விசாரித்ததில், "பையன் பீர் மட்டும்தான், வேறு எதையும் தொட மாட்டான்" என்று அவர்கள் பக்கத்து ஆட்களே சொல்கிறார்கள். பீர் குடிப்பவர்கள் குடிகாரர்கள் கிடையாது என்று தரகரும் சொல்கிறார். இது கடையில் வாங்கும் பொருள் பற்றிய கேள்வி இல்லைதான், ஆனாலும் கேட்கத் தோன்றியது.
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: இதுதான் இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி அம்மா. 'பீர் மட்டும்தான்' என்பது நம் ஊரில் ஒரு நற்சான்றிதழ் மாதிரி ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெரிய பாட்டில் 650 மில்லி. 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் அதில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். பல லேபிள்களில் '8 சதவீதத்துக்கு மிகாமல்' என்றுதான் இருக்கும், நாம் உச்சத்தை வைத்தே கணக்குப் போடுவோம். பிராந்தி, விஸ்கி வகைகள் இங்கே 42.8 சதவீதம். 60 மில்லி, அதாவது ஒரு பெரிய பெக், ஊற்றினால் 25 மில்லிக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு பெரிய பெக்குக்குச் சமம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 77 மில்லி ஆல்கஹால். ஒன்றரை பாட்டில் ஸ்ட்ராங் பீரும் அதே அளவுதான். "நான் குவார்ட்டர் அடிக்கிறவன் இல்ல, ரெண்டு பீரோட நிறுத்திக்குவேன்" என்பவர் குவார்ட்டரைத் தாண்டிப் போய்விட்டார், அவருக்கே தெரியாது. 5 சதவீத சாதாரண பீரில் சின்ன பாட்டில், 325 மில்லி, என்றால் 16 மில்லிதான். அதுவும் பீர்தான், இதுவும் பீர்தான், நடுவில் மூன்று மடங்கு வித்தியாசம்.

ஆகவே தரகரிடம் பிராண்டையும் வகையையும் கேட்டுப் பயனில்லை. எத்தனை பாட்டில், வாரத்தில் எத்தனை நாள், தனியாகவா நண்பர்களோடா, குடித்த அன்று வண்டி யார் ஓட்டுவது? இந்த நான்கையும் உங்கள் பெண்ணே பையனிடம் நேரில் கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொல்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். சராசரி உடம்புள்ள ஆணுக்கு ஒரே ஒரு ஸ்ட்ராங் பாட்டில் அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டவைக்கும். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "பீர்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சாவியைத் தேடுகிற ஆள் என்றால் யோசியுங்கள். மது விஷயத்தில் உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பீருக்குத் தனிச் சலுகை கொடுக்கவில்லை.

கேள்வி: பச்சை பாட்டில் பீர் வாங்குபவர்கள் ரசனைக்காரர்கள் என்கிறார் என் அண்ணன். எனக்கு அதில் ஒரு வாடை அடிக்கிறது. எனக்குத்தான் ரசனை இல்லையா?
(வாசகர், காரைக்கால்)

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அந்தக் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து கந்தகம் கலந்த ஒரு சேர்மமாகிவிடும். நேர் வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். அமெரிக்கர்கள் அதை ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் என்பார்கள். நான் ஸ்கங்கை மோந்ததில்லை. எனக்கு அது பூண்டும் கருகிய ரப்பரும் கலந்த வாடை. பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. வெள்ளை பாட்டிலில் விற்கும் சில கம்பெனிகள் வெளிச்சத்துக்குக் கெடாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைப் போடுகின்றன. அந்த வாடையே 'வெளிநாட்டு ருசி' என்று பழகிப்போனவர்களும் உண்டு. உங்கள் அண்ணன் அதில் ஒருவரோ என்னவோ.

வாங்கும்போது கடை வாசலில் வெயில் படும் பக்கம் அடுக்கிய பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள். லாகர் வைக்க வைக்க ருசி ஏறும் சரக்கு இல்லை, பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். பாட்டிலின் தோளிலும் அடியிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். பாட்டில் பல முறை ஆலைக்குப் போய் வந்திருக்கிறது, உள்ளே இருப்பது புதிதாகவே இருக்கலாம். வெளிச்சத் தொந்தரவே வேண்டாம் என்றால் டின் வாங்குங்கள், ஸ்டைல் குறைவுதான்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. பார்ட்டியில் தொந்தரவு தாங்காமல் 'ஆல்கஹால் இல்லாத' பீரைக் கையில் வைத்துக்கொள்கிறேன். ஏமாற்றா?
(வாசகி, கோவை)

பதில்: ஏமாற்று ஒன்றும் இல்லை. விதிப்படி அதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். 0.0 என்று போட்டதே வேண்டுமா, 0.5 வரை இருந்தாலும் பரவாயில்லையா என்று முடிவு செய்து, லேபிளைப் பார்த்து எடுங்கள். விலை உறுத்தினால் கண்ணாடி டம்ளரில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றி மேலே சோடா. யாருக்கும் தெரியாது, நான் உத்தரவாதம்.

கேள்வி: காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், குன்னூர்)

பதில்: உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. காட்டிலும் புல்வெளியிலும் உடைந்த பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை உயர் நீதிமன்றம் வரை போய், 2022 மே மாதம் நீலகிரியில் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அது பரிசு இல்லை, வாங்கும்போது உங்களிடம் கூடுதலாக வாங்கிய அதே பத்து ரூபாய். பாட்டிலில் இருக்கும் ஸ்டிக்கரைச் சுரண்டாமல், உடைக்காமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டால் அந்தப் பத்து ரூபாய் போனதுதான்.