நாசிக்கில் ஒயினரி டூரும் டேஸ்டிங்கும்: எப்போது போவது, எதைப் பார்ப்பது, எப்படிச் சுவைப்பது?

நண்பர்களோடு நாசிக் போகிறீர்கள், சுலா அல்லது பக்கத்தில் இருக்கும் யார்க் போன்ற ஒயினரியைச் சுற்றிப் பார்த்துச் சுவைக்கப் போகிறீர்கள், கொடுக்கும் காசுக்கு முழுப் பயன் கிடைக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் முடிவு, மாதம். ஒயின் எல்லா மாதமும் கிடைக்கும். ஆனால் திராட்சை வந்து இறங்கி, பிழிந்து, நொதிப்பதைக் கண்ணால் பார்க்க ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் போக வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை ஆண்டு முழுவதும் பறிக்கிறார்கள். நாசிக்கிலும் கொடி ஓய்வெடுப்பதில்லை, ஏப்ரல் வாக்கில் ஒன்றும் செப்டம்பர், அக்டோபரில் ஒன்றுமாக இரண்டு கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) உண்டு. ஆனாலும் மழைக்காலத்து விளைச்சலை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் அடிச்சாம்பல் என்ற இலை, பழ நோய் தாக்கும், பழத்தில் சர்க்கரையும் ஏறாது. குளிர்காலத்தில் பழுக்கும் பழத்துக்கு வெயில் சர்க்கரையைத் தரும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். ஜூலையில் போனால் மலையும் கங்காபூர் அணையும் பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும், ஆனால் சாறு நொதிக்கும் டேங்குகளில் வேலை இருக்காது.

வார நாளாகப் பார்த்து, காலையின் முதல் டூருக்கே பதிவு செய்யுங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் வழிகாட்டி சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது. ஜனவரி 26 போன்ற மதுவிலக்கு நாட்களிலும் தேர்தல் நாட்களிலும் டேஸ்டிங் கிடையாது. வயதுச் சான்றைக் கையில் வைத்திருங்கள், மகாராஷ்டிராவில் ஒயினுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். திரும்பி வரும் வண்டியையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். குடித்தவர் ஓட்டக் கூடாது, மாலையில் அந்தப் பக்கம் வண்டி பிடிப்பதும் சிரமம்.

பாதத்தை முழுதாக மூடும் காலணி போடுங்கள், டேங்க் அறைத் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். சென்ட் வேண்டாம், உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் கெடுக்கும். நொதிக்கும் டேங்கின் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. அங்கே தேங்கி நிற்பது கரியமில வாயு, ஓரிரு மூச்சில் ஆளை மயக்கித் தள்ளிவிடும்.

டூரின் உயிர் அந்த டேங்க் அறைதான். பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு டேங்கிலும் வெப்பநிலை காட்டும் எண்ணைப் பாருங்கள். வெள்ளை ஒயின் 12 முதல் 16 டிகிரிக்குள் மெல்ல நொதிக்கும், அதற்கு மேல் சூடானால் பழ வாசம் ஆவியோடு போய்விடும். சிவப்புக்கு 24 முதல் 28 டிகிரி வரை தேவை, தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்க வேண்டுமே. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தல் நின்றுவிடும். “இந்த டேங்க் இன்று எத்தனை பிரிக்ஸ்?” என்று கேளுங்கள். பிரிக்ஸ் என்பது சாற்றின் சர்க்கரையைக் காட்டும் அளவீடு. பறிக்கும்போது 22 முதல் 24 வரை இருந்த அளவு சுழிக்கும் கீழே இறங்கினால்தான் சர்க்கரை தீர்ந்ததாகக் கணக்கு. இந்தக் கேள்வி ஒன்றே வழிகாட்டியின் பேச்சை மாற்றிவிடும், மனப்பாட வசனத்தை விட்டுவிட்டு உண்மையான வேலையைச் சொல்லத் தொடங்குவார்.

சிவப்பு ஒயினில் தோல்கள் மேலே மிதந்து அடை போல் கட்டிக்கொள்ளும். அடியிலிருக்கும் சாற்றைப் பம்பில் ஏற்றித் தினமும் இரண்டு மூன்று முறை அதன்மேல் ஊற்றுவார்கள். விட்டுவிட்டால் அடை காய்ந்து சூடேறி, வினிகர் ஆக்கும் பாக்டீரியா பெருகும். பீப்பாய் அறையில் கேட்க வேண்டியது, ஓக் பீப்பாய் எத்தனையாவது முறையாகப் பயன்படுகிறது என்பது. வழக்கமான 225 லிட்டர் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 300 பாட்டில் தரும், ஆனால் மூன்று நான்கு முறை நிரப்பிய பிறகு மரத்தின் மணம் பெரும்பாலும் போய்விடும். திராட்சை மிதிக்கும் நிகழ்ச்சி வெறும் வேடிக்கைதான், நேரம் குறைவென்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

இனி சுவைப்பது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், அதே சமயம் காரசாரமாகச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், பிறகு எல்லாம் எரிச்சலாகத்தான் தெரியும். ஒரு ஊற்று 30 மில்லிதானே என்று தோன்றும். ஆறு ஒயின் என்றால் 180 மில்லி, உணவகத்தில் தரும் ஒரு முழு கிளாஸை விட அதிகம். துப்பும் கலயம் கேளுங்கள். துப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒயின் செய்பவர்களே துப்பித்தான் சோதிக்கிறார்கள். நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே எனும் இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று போங்கள். இனிப்பை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் வெறும் புளிப்பாகிவிடும்.

கிளாஸின் தண்டைப் பிடித்துச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாயை நாக்கு முழுவதும் பரவவிடுங்கள். பக்கவாட்டில் எச்சில் ஊறினால் அது புளிப்பு, ஈறு இறுகினால் துவர்ப்பு. சோவினோன் பிளாங், செனின் பிளாங் என்ற இரண்டு வெள்ளை ஒயின்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். முதலாவதில் பச்சைப் புல், கொய்யா வாசம் வரும், இரண்டாவது மென்மையாக இருக்கும். தனித்தனியாகக் குடித்தால் இந்த வேறுபாடு பிடிபடாது.

சிவப்பு ஒயினை 30 டிகிரி அறைச் சூட்டில் கொடுத்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். சற்று நேரம் குளிரவைத்துத் தரச் சொல்லுங்கள், 16 முதல் 18 டிகிரி போதும். பாட்டிலை எப்போது திறந்தார்கள் என்றும் கேளுங்கள். வாடிய ஆப்பிள் வாசம் வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது, நனைந்த அட்டைப் பெட்டி வாசம் வந்தால் கார்க்கின் கோளாறு, நகப்பூச்சு நீக்கி வாசம் என்றால் வினிகர் ஆகத் தொடங்கிவிட்டது. நல்ல இடத்தில் முகம் சுளிக்காமல் புதுப் பாட்டில் திறப்பார்கள். அடியில் கற்கண்டுத் துகள் போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது திராட்சையின் டார்டாரிக் உப்பு.

வாங்குவதென்றால் வெள்ளையில் லேபிளில் இருக்கும் ஆண்டைப் பார்த்து ஆகப் புதியதை எடுங்கள், நாசிக் வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுக்குள் குடிக்கச் செய்தவை. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பாட்டிலை விட்டால் ஒரே மதியத்தில் கெடும். வேறு மாநில மதுவை உரிய அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், ஆகவே அங்கேயே குடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.