"ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது" என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நாகர்கோவிலிலிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, பாதி நாள் நைட் டியூட்டி, கணவரும் பிள்ளையும் ஊரில் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜெபம்பண்ண உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது, அழக்கூட வரவில்லை, அம்மா ஃபோனில் "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை, "விசுவாசம் போய்விட்டதா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)தான், பாளையங்கோட்டை. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் ரொம்ப வருடமாக இதே நர்ஸ் வேலை.

விசுவாசம் போகவில்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவள் முழங்காலில் நின்றால் தூங்கத்தான் செய்வாள். இதற்கு யாராவது "ஆவிக்குரிய சோர்வு" என்று பேர் வைத்தால் தலையாட்டிவிட்டு, முதலில் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பரில் இங்கே நாலு மணி தாண்டினாலே இருட்டு. நைட் முடிந்து காலையில் படுத்துச் சாயங்காலம் எழுந்தால் வெயிலையே பார்க்காமல் வாரம் ஓடிவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும் என்பது இங்கே அரசாங்கமே சொல்லும் ஆலோசனை. நம்மைப்போல் கறுத்த தோல்காரர்களுக்கு வருடம் முழுவதுமே. நோயாளிகளுக்கு இதையெல்லாம் மனப்பாடமாய்ச் சொல்லும் நாம், நமக்கென்று வரும்போது உபவாச ஜெபத்தைத்தான் முதலில் தேடுகிறோம்!

அப்புறம், வேதப்புத்தகத்தை எடுக்க மனம் வருகிற ஒரு நாளில் 88-ம் சங்கீதத்தை வாசியுங்கள். புலம்பலில் தொடங்குகிற சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது ஸ்தோத்திரத்தில் வந்து முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. இருந்தும் அதை யாரும் எடுத்துப்போடவில்லை, சபையும் யூதர்களும் இத்தனை நூற்றாண்டுகளாக அதை ஜெபமாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாட்சிக் கூட்டங்களில் இதற்கு இடம் இருக்காது. அங்கே எந்தச் சாட்சியும் "ஆனாலும் கர்த்தர்" என்று திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் மைக்கை வாங்கிவிடுவார்கள். நீங்கள் இன்னும் அந்த "ஆனாலும்" வரைக்கும் வந்து சேரவில்லை. அது ஒரு குற்றமில்லை.

இங்கே எனக்கு ரொம்ப உதவியது, நான் எதுவுமே செய்யத் தேவையில்லாத ஒரு ஆராதனை. பெரிய கதீட்ரல்களில் வார நாட்களில் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் ஈவன்சாங் என்ற மாலை ஆராதனை நடக்கும். முக்கால் மணி நேரம்தான், யாரும் போகலாம், கட்டணம் இல்லை. பாடகர் குழு சங்கீதமும் மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் பாடும். சபையார் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பேர் கேட்க மாட்டார்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிக்க மாட்டார்கள். வெள்ளைக்காரர்களின் இந்த ஒட்டாத சுபாவத்தைப் பற்றி நாம் எவ்வளவோ குறை சொல்வோம், களைத்திருக்கும்போது அதுவே பெரிய உபகாரம். நமக்கு ஜெபம் வராத காலத்தில் மற்றவர்கள் நம் பேரிலும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. கிருபை என்று நான் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன். நாம் முயற்சி பண்ணி வரவழைப்பது அல்ல அது.

1947-ல் உருவான நம் சி.எஸ்.ஐ., சர்ச் ஆஃப் இங்கிலாந்தும் இருக்கிற ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது. அதனால் இங்குள்ள சர்ச் ஆஃப் இங்கிலாந்து கோயில் எதிலும் தயங்காமல் நற்கருணை எடுக்கலாம். ஞாயிறு டியூட்டி என்றால் வாரநாளில் ஆராதனை உள்ள கோயில் பார்த்துப் போங்கள், அதுவும் ஆராதனைதான்.

ஊரில் அடக்க ஆராதனையில் "என்னோடிரும், மா நேச கர்த்தரே" பாடுவோமே, அதை எழுதிய ஹென்றி லைட் இதே டெவனில் பிரிக்ஸம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் போதகராக இருந்தவர். நுரையீரல் நோயாளி. குளிர் தாங்காமல் தெற்கே போனவர் 1847-ல் நீஸ் நகரில் இறந்தார். அந்தப் பாட்டு எழுதியவர் ஒரு களைத்த மனுஷர் என்று தெரிந்த பிறகு எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. "எனக்குச் சுகம் கொடு" என்று அதில் அவர் கேட்கவே இல்லை. பொழுது சாய்கிறது, கூட இரும், அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

தமிழ்ச் சபை பக்கத்தில் இருந்தால் போங்கள். பொங்கிப் போடுவார்கள், வீடு மாறும்போது பெட்டி தூக்க வருவார்கள், அந்த அன்பு வேறெங்கும் கிடைக்காது. ஒன்று மட்டும். மறுவாரமே சண்டே ஸ்கூல் எடுக்கச் சொல்வார்கள், கிறிஸ்துமஸுக்குப் பிரியாணிப் பொறுப்பும் உங்கள் தலையில் வரும். இந்த வருடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மனம் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை.

அழக்கூட வரவில்லை என்றீர்களே, அதை நான் லேசாக விடமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், எதிலும் பிடிப்பில்லை என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மனநலப் பேச்சு சிகிச்சைக்கு (டாக்கிங் தெரபீஸ்) ஜி.பி. கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலே என்.எச்.எஸ். ஃபோன் எண் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள், ராத்திரியும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரி சாப்ளின் (ஆஸ்பத்திரியில் ஆறுதல் சொல்ல இருக்கும் போதகர்) நோயாளிகளுக்கு மட்டுமல்ல, ஊழியர்களுக்கும்தான். மேலதிகாரியிடம் போய்ச் சேராமல் மனம்விட்டுப் பேசலாம். நைட்டைக் குறைக்க எழுத்தில் கேளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அப்படிக் கேட்கும் உரிமை உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது.

அம்மாவிடம் போனேன் என்று பொய் சொல்ல வேண்டாம். "முடியல அம்மா, நீ எனக்காக ஜெபம்பண்ணு" என்று சொல்லுங்கள். ஊரில் ராத்திரி ஒன்பது மணிக் குடும்ப ஜெபம் என்றால் இங்கே குளிர்காலத்தில் மூன்றரை, கோடையில் நாலரை. நைட் போகிறவர்கள் எழுந்து காப்பி போடுகிற நேரம். ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பிள்ளையும் அங்கே பாயில் உட்கார்ந்து பாடுவானே, அதைக் கேட்டுக்கொண்டே யூனிஃபார்மை இஸ்திரி போடலாம்.