ஹெச்எம்ஐ பட்டன்ல ராஸ்பெர்ரி பை வைஃபை ஆன்/ஆஃப்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பீன்யால எங்க யூனிட்ல ஒரு மெஷினுக்கு டேட்டா எடுக்க ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டர் மாட்டிருக்கோம். சர்வீஸ் ஆளு வந்தா மட்டும் வைஃபை ஆன் ஆகணும். ஹெச்எம்ஐல, அதாவது ஆபரேட்டர் மெஷினை இயக்குற ஸ்கிரீன்ல, பட்டன் வச்சா போதுமா?

பதில்: பட்டன் மட்டும் போதாது தம்பி, அந்தப் பக்கம் பைல யாராவது கேட்டுட்டு இருக்கணும்ல. பைல மோட்பஸ் டிசிபி (மெஷின்கள் நெட்வொர்க்ல பேசிக்கிற முறை) சர்வர் ஒண்ணு ஓடவிடு, நோட் ரெட்ங்கிற புரோகிராமிங் டூல்லயே போடலாம், ஒரு காயில், அதாவது ஹெச்எம்ஐ எழுதக்கூடிய ஆன்/ஆஃப் பிட், கமாண்டுக்குன்னு வச்சுக்கோ, அது மாறினா பையோட நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற நெட்வொர்க் மேனேஜரோட என்எம்சிஎல்ஐ (nmcli) கமாண்ட்ல வைஃபை ரேடியோவை ஆன் இல்ல ஆஃப் பண்ணு. 2023ல வந்த ராஸ்பெர்ரி பையோட புக்வார்ம் ஓஎஸ்ல இருந்து நெட்வொர்க் மேனேஜர்தான் டீஃபால்ட், அதுக்கு முந்தின ஓஎஸ்னா ரேடியோவை பிளாக் பண்ற ஆர்எஃப்கில் (rfkill) கமாண்டே போதும். மோட்பஸோட வழக்கமான போர்ட் 502 சாதாரண யூசருக்குத் திறக்காது, 1502 மாதிரி பெரிய நம்பர் எடுத்துக்கோ.

கேள்வி: சார், பட்டனை அழுத்தினா ஹெச்எம்ஐ ஸ்கிரீன்ல லேம்ப் பச்சையாயிடுது, ஆனா வைஃபை வரல.

பதில்: நீங்க கமாண்ட் காயிலையே லேம்ப்புக்குக் கட்டியிருப்பீங்க. அது ஆபரேட்டர் என்ன கேட்டாருன்னுதான் சொல்லும், நிஜமா என்ன நடந்துச்சுன்னு சொல்லாது. மோட்டருக்கு கரண்ட் விடுற கான்டாக்டர் நிஜமா மூடிச்சாங்கிற ஃபீட்பேக் எடுக்காம ரன்னிங்னு காட்டுவீங்களா? இங்கயும் அதே தான் சார். பை சில செகண்டுக்கு ஒரு தடவை ரேடியோ நிலையைப் படிச்சு தனி டிஸ்க்ரீட் இன்புட்ல (ஹெச்எம்ஐ படிக்க மட்டும் முடியுற பிட்) போடட்டும், லேம்ப்பை அதுல கட்டுங்க, கமாண்டும் நிலையும் பத்து செகண்ட் ஒத்துப்போகலன்னா அலாரம் குடுங்க. அப்புறம் வைஃபை கன்ட்ரி செட் பண்ணியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா ரேடியோ பிளாக் ஆகியே கிடக்கும்.

கேள்வி: ஹெச்எம்ஐ ஸ்கிரீன் செய்யுற இக்னிஷன் சாஃப்ட்வேர்ல, கமாண்ட் ஓட்டுற சிஸ்டம் யூடில் எக்ஸிக்யூட் (system.util.execute) போட்டேன், பைல ஒண்ணும் ஆகல.

பதில்: அந்த ஸ்கிரிப்ட் எந்த கம்ப்யூட்டர்ல ஓடுதோ அங்கதான் கமாண்டும் ஓடும், பைல இல்ல. அதனால கமாண்ட் காயிலோட இணைச்ச டேக்ல (இக்னிஷன்ல அந்தக் காயிலுக்கான பேர்) எழுதுங்க.

கேள்வி: எங்க ஹெச்எம்ஐயே பையோட வைஃபைலதான் பேசுது, பரவாயில்லையா அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம்பா. ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டா ஆன் பண்ணச் சொல்ல வழியே இருக்காது, யாராவது பேனலைத் திறக்கணும். ஈதர்நெட் கேபிள் இழுத்துடு. முடியலன்னா, ஆஃப் ஆன கொஞ்ச நேரத்துல தானா ஆன் ஆகுற டைமரை பைலயே வை.

கேள்வி: கரண்ட் போய் வந்தா?

பதில்: இதை நிறைய பேர் விட்டுடறாங்க. நெட்வொர்க் மேனேஜர் கடைசியா இருந்த நிலையை ஞாபகம் வச்சுக்கும், ஆனா உங்க மோட்பஸ் சர்வர் காயிலை சைபர்ல இருந்து ஆரம்பிக்கும், ஆக காயில் ஆஃப்னு சொல்லும், ரேடியோ ஆன்லயே இருக்கும். பூட் ஆனதும் முதல் வேலையா ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் சர்வரை ஸ்டார்ட் பண்ணுங்க. மோட்பஸ்ல பாஸ்வேர்டு கிடையாது, நெட்வொர்க்ல யார் வேணா எழுதலாம், அதனால ஃபயர்வால்ல ஹெச்எம்ஐ ஐபி மட்டும் விடுங்க.