சிடிஆர் என்று கொடுத்தார், உள்ளே பழைய படம்தான்!

கேள்வி: எங்கள் ஊர் ‘நண்பர்கள் கபடிக் குழு’வின் சின்னம் வாட்ஸ்அப்பில் வந்த படமாக மட்டுமே இருக்கிறது. ஜெர்சி அச்சடிக்க வெக்டர் ஃபைல் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காதபடி, புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரைந்தது) கேட்டார்கள். ஒரு டிசைனரிடம் பணம் கொடுத்து சிடிஆர் ஃபைல் (கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் ஃபைல்) வாங்கினோம். அச்சகத்தில், “இதுவும் அதே படம்தான்” என்று திருப்பிவிட்டார்கள். ஏமாந்துவிட்டோமா?

பதில்: அச்சகத்திலேயே அந்த ஃபைலைத் திறந்து, கோரல்டிராவில் ‘ஒயர்ஃபிரேம்’ (நிறமில்லாமல் வெறும் கோடுகளை மட்டும் காட்டும் பார்வை) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோடுகளாக மாறினால் வெக்டர். படம் படமாகவே மங்கித் தெரிந்தால், உங்கள் ஜேபெக்கை, அதாவது அந்த வாட்ஸ்அப் படத்தை, அப்படியே உள்ளே ஒட்டித் தந்திருக்கிறார். அதற்குக் காசு வாங்கியது தப்பு.

உங்கள் படத்தின் அகலம் 600 பிக்சல் என்று வையுங்கள். நெஞ்சில் 10 அங்குலத்துக்கு அடித்தால் அங்குலத்துக்கு 60 பிக்சல்தான் வரும். அச்சுக்கு 300 கேட்பார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச்சட்டம்). ஓரத்தில் நிறங்கள் கலங்கிக் கிடக்கும் படத்தை அப்படிப் பிரிக்க முடியாது.

கோடுகளாகத் தெரிந்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். ‘ஆட்டோ டிரேஸ்’ என்று, மென்பொருளையே படத்தைக் கோடுகளாக்க விட்டு, ஒரே சொடுக்கில் மாற்றித் தருபவர்கள் உண்டு. ‘நண்பர்கள்’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். மோசமான படத்தை டிரேஸ் செய்தால் ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும், ‘ர்’, ‘ள்’ மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்து இப்படிச் சிதைந்து பையன்கள் நெஞ்சில் ஏறுவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. வட்டத்தையும் பாருங்கள். ஒழுங்காக வரைந்த வட்டத்துக்கு நான்கு நோடு (கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளி) போதும். டிரேஸ் செய்ததில் எறும்பு வரிசை மாதிரி மொய்க்கும்.

படத்தை அடியில் வைத்து, பென் டூலால் (கோடு வரையும் கருவி) கையால் வரைந்து, எழுத்துகளைச் சரியான எழுத்துருவில் புதிதாக அடித்து, ‘கர்வ்’ ஆக்கி (எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வெறும் கோடுகளாக மாற்றி) தருவதுதான் வேலை. கர்வ் ஆக்காவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வேறு ஏதோவாக மாறிவிடும். சிடிஆரோடு பிடிஎஃப்பும் கேட்டு வாங்கி, குழுவில் இரண்டு பேர் மெயிலில் போட்டு வையுங்கள்.

அந்த டிசைனரிடம் முதலில் நேரில் பேசுங்கள்: திரும்ப வரைந்து தரட்டும், இல்லையென்றால் பணத்தைத் தரட்டும். ‘வெக்டர்’ என்று ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.